வாங்கன்னு ஒரு வார்த்தை

உக்காருங்கம்மா. அட, உக்காருங்கங்கிறேன். நாற்காலி பின்ன எதுக்கு இருக்கு? ஃபேன் போடவா? வேண்டாமா, சரி.

உங்க விஷயம்தான். காலையிலேருந்து எனக்கு வேற வேலையே ஓடல. நம்ம பேக்கிங் ஆளுங்களுக்கும் அந்த லோடிங் மேனேஜருக்கும் ஏழாம் பொருத்தம்னு எல்லாருக்கும் தெரியும். பெட்டி சரியா ஒட்டலைன்னா என்கிட்ட சொல்லலாம், நானும் ஒரு மேனேஜர்தானே. அதை விட்டுட்டு நேரா நம்ம மேசைக்கு வந்து, ஏய், இங்க வா, கண்ணு தெரியலையா உனக்குன்னு கத்துறது. அதுவும் யாரை? அவரை விட மூத்த பையன் இருக்கான் உங்களுக்கு. நீங்க அத்தனை பேர் முன்னாடி, வாங்க போங்கன்னு பேசுங்க தம்பின்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோஷம். நான் அப்ப எங்க இருந்தேனா? அங்கதான், தூணுக்குப் பின்னாடி. ஸ்டாக் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஆனா விடுவேனா? நம்ம ஆளை ஒருத்தர் தூக்கியெறிஞ்சு பேசுனா நான் சும்மா இருக்கிற ஆளா? நேரா போனேன். அதாவது, அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வெளியே நின்னுட்டு, அப்புறம் போனேன். பசியில இருக்கிறவங்ககிட்ட நியாயம் பேசக்கூடாது பாருங்க. சார், மரியாதைங்கிறது குடுத்து வாங்குறதுன்னு ஆரம்பிச்சேன். அவர் அசரல. இங்க வேலை பாக்குறவங்களை நீன்னுதான் சொல்வேன், வெளியாளுங்களை மட்டும்தான் நீங்கன்னு சொல்வேன், அது என் பழக்கம்னுட்டாரு. அவங்க என்கிட்டதானே சார் வேலை பாக்குறாங்க, உங்களுக்கு என்னன்னு பட்டுன்னு கேட்டேன். மனசுக்குள்ள.

அப்புறம் முதலாளி ரெண்டு பேரையும் கூப்பிட்டு, சாயந்தரத்துக்குள்ள இதை முடிங்கன்னுட்டாரு. லோடிங் மேனேஜர் ஒரேயடியா முறுக்கிக்கிட்டாரு. நீங்க இருக்கிற இடத்துல அவர் இருக்க மாட்டாராம். அவர் இல்லைன்னா ஒரு லாரி நகராது, அது உங்களுக்கே தெரியும். நானும் மண்டையை உடைச்சுக்கிட்டு, பாம்பும் சாகாம கம்பும் உடையாம ஒரு வழி கண்டுபிடிச்சேன். முதலாளியே தட்டிக் குடுத்தாரு.

என்னம்மா அப்படிப் பாக்குறீங்க? நானும் இன்னிக்கு நீங்க, வாங்கன்னு பேசுறேனேன்னா? ஆமாமா, இத்தனை வருஷமா நானும் வா, போன்னுதான் கூப்பிட்டேன். நீங்க ஒரு தடவையும் முகம் சுளிச்சதில்ல. எனக்கே இப்பத்தான் வாயில வருது.

அதான், நீங்க கேட்டது கிடைச்சிருச்சு. அவரை ஒத்துக்க வெச்சுட்டேன். கணக்கு முடிக்கிறதை ஆபீஸ்ல பாத்துக்குவாங்க. அந்த ஏப்ரனை மட்டும் கழட்டி இங்கயே வெச்சிருங்க. வாசல் கேட் பக்கத்துல அவர் நிப்பாரு. எல்லாரும் பாக்க, போயிட்டு வாங்கம்மான்னு உங்களுக்குச் சொல்லுவாரு.

வெளியாளுங்களை அவர் நீங்கன்னுதானே சொல்வாரு.