ஸ்டார்ட்டர் கேபிள்கள் இரண்டையும் நான் கழற்றிச் சென்றது பற்றி

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் உள்ளன. வயது எழுபத்து மூன்று. மீன்பிடி விசைப்படகுகளில் டீசல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். காவல் நிலைய எழுத்தர், நான் சொல்லச் சொல்லத் தாமே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். போன வருடம்தான் எழுதக் கற்றேன் என்பதால் நானே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டேன். நேரமாகும் என்பதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என் மருமகன் ஓர் அலுவலகத்தில் கணக்கர். அவர் வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய உல்லாசப் படகை வாங்குவது என்றும், அதில் ஆட்களைக் கடலுக்குள் சுற்றிக்காட்ட அழைத்துப் போவது என்றும், என் மகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் கூடவே போவது என்றும் அவர்களுக்குள் முடிவாயிற்று. எல்லாம் முடிவான பிறகு மருமகன் எனக்குப் போன் செய்தார். "மாமா, நீங்க சும்மா வந்து இன்ஜினைப் பார்த்து, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றார். நல்லா இருக்கு என்று சொல்வதற்கு நான் எதற்கு, அதை நீங்களே சொல்லிக்கொள்ளலாமே என்றேன். ஆனாலும் போனேன். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இன்ஜின் நின்றால் அந்தப் படகில் இருக்கப்போவது என் மகள்.

படகின் உரிமையாளர் ஒரு பல் டாக்டர். இன்ஜின்கள் இரண்டு, இரண்டுக்கும் ஏறக்குறைய என் மகளின் வயது. மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பழைய டீசல் இன்ஜினின் நிலைமை அது குளிர்ந்து கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் தெரியும். எவ்வளவு நேரம் முக்குகிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது, அந்தப் புகை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடாகிவிட்டால் தேய்ந்துபோன இன்ஜினும் நல்ல பிள்ளை மாதிரி ஓடும். ஆகவே நான் வருவதற்கு முன் யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முதல் நாளே மருமகனிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். போனதும் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தேன். இரண்டும் சூடாக இருந்தன. பல் டாக்டரைக் கேட்டதற்கு, "வெயில்ல சூடாகியிருக்கும்" என்றார். தரைப்பலகைக்குக் கீழே இருக்கும் இன்ஜின் அறைக்குள் வெயில் எந்த வழியாக வந்தது என்று கேட்டேன்.

அதன் பிறகு, வந்ததற்காக இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். வலது இன்ஜினில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இடது இன்ஜினில் ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தபோது உள்ளிருந்து குபுகுபுவென்று புகை வந்தது. உள்ளே தேய்மானம் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டேன். சந்தேகத்தை வைத்து ஒருவர் பொருளைக் குறை சொல்லக் கூடாது என்பதால், குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு அடுத்த வாரம் போனேன். சூடு. அதற்கடுத்த வாரம், அதாவது நேற்று, விடிந்ததும் விடியாததுமாகப் போனேன். அன்றும் சூடு.

அப்போது எனக்கும் பல் டாக்டருக்கும் வாய்த்தகராறு ஏற்பட்டது. "டாக்டர், உங்ககிட்ட வர்ற ஆளு வலி மாத்திரையைப் போட்டுக்கிட்டு வந்து, எனக்கு எங்கேயும் வலிக்கலைன்னு சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "என்னைத் திருடன்னு சொல்றீங்களா? நான் இந்தப் பக்கமே வரலைய்யா!" என்று அவர் கத்தினார். என் மகள், "அப்பா, மெதுவாப் பேசுங்க, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றாள். மருமகன் படகின் கைப்பிடிக் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மூவரும் கரையில் இறங்கிய பிறகு, பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டார்களுக்குப் போகும் தடித்த கேபிள்கள் இரண்டையும் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்பின் கம்பியை நான் தொடவில்லை. திருடும் எண்ணம் இல்லை. அந்த இன்ஜின்கள் ஒரு நாளாவது குளிர்ந்து கிடக்கட்டும் என்ற எண்ணம் மட்டுமே இருந்தது.

அதன் பிறகு இன்று காலை, பல் டாக்டர் கொடுத்த புகாரின் பேரில் என்னை நிலையத்துக்கு அழைத்தார்கள். பையிலிருந்து கேபிள்களை எடுத்து மேசைமேல் வைத்தேன். மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். கேபிள்களைக் காணவில்லை என்று எப்போது தெரிந்தது என்று டாக்டரிடம் உதவி ஆய்வாளர் அம்மா கேட்டார். "விடியற்காலையில போன் வந்துச்சு மேடம், படகு ஸ்டார்ட் ஆகலைன்னு." போன் செய்தது யார் என்று நான் கேட்டேன். "உங்க மருமகன்தான்" என்றார்.

நான் மருமகனைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, விடியற்காலையில அங்க உங்களுக்கு என்ன வேலை?"

"வாங்கறதா வாக்குக் கொடுத்ததும் டாக்டர் ஒரு சாவி தந்தார் மாமா. ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி தினமும் போய் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுவேன். அந்தச் சத்தத்தைக் கேட்டாதான் அன்னைக்குப் பொழுது நல்லா போகும்."

"ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு சொன்னேனே?"

"அது டாக்டருக்குச் சொன்னதுன்னு நினைச்சேன்."

என் மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆகுமா என்று மருமகனைக் கேட்டேன். வலதுபக்க இன்ஜின் சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும் என்றார். இடதுபக்கம்? "அது கொஞ்சம் அடம் பிடிக்கும் மாமா. காத்து போற வழியில ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிச்சா பிடிச்சுக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்தான் கொடுத்தார்." எவ்வளவு அடிப்பீர்கள் என்று கேட்டதற்கு, "இப்பல்லாம் கொஞ்சம் அதிகமா வேண்டியிருக்கு" என்றார். பின்பக்கம் புகை எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, தான் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். குளிர்ந்த நிலையில் ஸ்ப்ரே இல்லாமல் பிடிக்காதது தேய்ந்த இன்ஜின்தான். நான் எதற்காக மூன்று முறை நடந்தேனோ அதைத் தினமும் பார்த்துவிட்டு இந்த மனிதர் ஆபீசுக்குப் போயிருக்கிறார். பல் டாக்டர், "சாவி என்கிட்ட மட்டும் இருந்தவரைக்கும் ஸ்ப்ரே எல்லாம் அடிச்சதில்லையே" என்று மெல்லச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைச் சந்தேகப்பட்டது தவறு என்று அங்கேயே அவரிடம் சொன்னேன்.

அதன் பிறகு டாக்டர் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்; கேபிள்களை இப்போதே வாங்கிக்கொள்ளலாம் என்று நிலையத்தில் சொன்னார்கள். இதை எழுதும்போதும் மருமகன் எதிர்ப் பெஞ்சிலிருந்து, "மாமா, முடிஞ்சுதா? போற வழியில நானே மாட்டிடறேன்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது: கேபிள்களை இன்று யாரிடமும் கொடுக்க வேண்டாம். நாளைக் காலை டாக்டரும் நானும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்கிறோம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது என் மகள் படகின் பின்னால் நின்று புகையைத் தன் கண்ணால் பார்க்கட்டும். போவதா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும். அதுவரை மருமகனிடம் உள்ள சாவியையும், அவர் பையில் உள்ள ஸ்ப்ரே டப்பாவையும் கேபிள்களோடு சேர்த்து நிலையத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் உள்ளது அனைத்தும் நடந்தது நடந்தபடியே. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. முழுவதையும் நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். எழுத்தர் வழக்கப்படி மை டப்பாவைத் திறந்து வைத்தார். வேண்டாம் என்று மூடிக் கொடுத்துவிட்டு, என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(கையெழுத்து)