புல் மூடும் பாதை

றிகாஸ்: இண்டைக்கும் வந்திட்டீங்க.

லதுஷா: ஓம். மருதமரம் சரியா வரேல்ல. நேற்றுக் கீறின படத்தை வீட்டை போய்ப் பார்த்தா ஆலமரம் மாதிரிக் கிடக்கு.

றிகாஸ்: ஹோட்டல் சுவரில மாட்டத்தானே. வாற வெள்ளைக்காரனுக்கு மருது எது, ஆல் எது எண்டு தெரியவா போகுது?

லதுஷா: எனக்குத் தெரியோணுமே.

றிகாஸ்: ம்... நிலாவெளி ஹோட்டலுக்குப் போய்க் கிண்ணியா வயலைக் கீறுறீங்க. கடலை விட்டிட்டு.

லதுஷா: கடல் அவைக்கு யன்னலாலயே தெரியும்.

றிகாஸ்: அதுவும் சரி... போட்டோ எடுத்தா ஒரு நிமிசத்து வேலை.

லதுஷா: போட்டோவைப் பார்த்து ஆராவது ஒண்டு கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. கீறினாத்தான் இடம் பிடிபடுது.

றிகாஸ்: எங்க, காட்டுங்க... இதென்ன, குளக்கட்டு இவ்வளவு உயரமா?

லதுஷா: முதல் எனக்கும் தட்டையாத்தான் தெரிஞ்சது. பிறகு எருமை ஒண்டு அங்கால இறங்கேக்க கொம்பு மட்டும்தான் மிஞ்சினது. அதுக்குப் பிறகு உயர்த்தினனான்.

றிகாஸ்: பொறந்ததில இருந்து இஞ்சதான் இருக்கன்...

லதுஷா: ஒண்டு கேக்கட்டா? உங்கட பின்கதவில இருந்து குளத்துக்கு ஒரு பாதை போகுது...

றிகாஸ்: எந்தப் பாதை?

லதுஷா: இந்தா. ஒராள் நடந்த அகலம்தான். நடுவில புல் முளைச்சிட்டுது. இப்ப ஒருத்தரும் நடக்கிறேல்லப் போல.

றிகாஸ்: அதையும் கண்டிட்டீங்களா.

லதுஷா: கேட்டது பிழையெண்டா விடுங்கோ.

றிகாஸ்: பிழையில்ல. என்ட மனிசி ஜெஸ்மின் நடந்த பாதை. பின்னேரத்தில போய்க் குளத்தடியில இருப்பா. குளிக்கவும் இல்ல, துவைக்கவும் இல்ல. சும்மா... சாம்பல்தீவில கடலுக்குப் பக்கத்தில வளர்ந்தவ. தண்ணியைப் பார்க்காம இருக்க ஏலாது எண்டு சொல்லுவா.

லதுஷா: எந்த இடத்தில இருப்பா?

றிகாஸ்: மதகுக்குப் பக்கத்தில, அந்தக் கல்லில.

லதுஷா: அதைக் கொஞ்சம் பெரிசாக் கீறுறன்.

றிகாஸ்: கீறுங்க... மாரியில காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும்... அந்தா வெள்ளை மதில். எங்கட மையவாடி. அங்கதான் அடக்கினம். இவ்வளவையும் கீறினீங்க, அந்த மதிலுக்கு மட்டும் இடம் விடல்லையே.

லதுஷா: தாளில இடம் காணாது.

றிகாஸ்: தாள் காணும், லதுஷா.

லதுஷா: ...நான் பேர் சொல்லேல்லையே.

றிகாஸ்: ஜெஸ்மின்ட போன்ல உங்கட படம் இருக்கு. வந்த அண்டைக்கே தெரியும். நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பார்த்துக்கொண்டிருந்தன்.

லதுஷா: அக்காவுக்கு... கலியாணத்துக்குப் பிறகு பேர் மாத்தினதோ?

றிகாஸ்: ஜெஸ்மினில என்னத்த மாத்துற? இந்த ஒழுங்கைக்குள்ளயே எங்கட ஆக்கள்ள ரெண்டு ஜெஸ்மின் இருக்கு.

லதுஷா: அது சரிதான்...

றிகாஸ்: அவ கண்ணை மூடி மவுத்தான உடன உங்கட அண்ணனுக்குக் கோல் எடுத்தன். அவ மார்க்கம் மாறி என்னைக் கட்டினதில எவ்வளவு கோவமெண்டாலும் முகம் பார்க்க வருவீங்க எண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நிண்டன். எல்லாரும் ‘நேரமாகுது, தூக்குவம்’ எண்டாங்க. நான்தான் பொறுங்க பொறுங்க எண்டன்.

லதுஷா: அண்ணா ஒருத்தருக்கும் சொல்லேல்ல. எனக்கே போன மாசம்தான்... குசினிக்குள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னவர்.

றிகாஸ்: அப்ப இது ஹோட்டலுக்கில்ல.

லதுஷா: அம்மாவுக்கு. பாரிசவாதம் வந்து படுக்கையில. கோவமெல்லாம் போயிட்டுது. மகள் இருக்கிற இடத்தை ஒருக்காப் பார்க்கோணும் எண்டு ஒரே அழுகை. எந்த மரம், தண்ணி எந்தப் பக்கம்... எல்லாம் கேப்பா.

றிகாஸ்: அப்ப மையவாடியையும் கீறிக் குடுங்க. பெத்தவ பார்க்கட்டும்.

லதுஷா: ஏலாது அத்தான்... அக்கா உயிரோட இருக்கிறா எண்டுதான் அம்மா இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கிறா.