ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை

மத்தியானத்தில் இரண்டு மணித்தியாலம் படுத்தெழும்பாவிட்டால் எனக்குத் தின்ற சோறு செமிக்காது. டுசல்டோர்ஃபில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் விடியப்புறம் நாலு மணிக்கு வேலை தொடங்குகிறவன் நான். பதினெட்டு வருடமாக அப்படித்தான். பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு மணிக்குப் படுப்பேன். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வந்தது என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

என் ஜேர்மன் மோசமில்லை. ஆனாலும் இப்படியான விஷயத்தைத் தாய்மொழியில் எழுதினால்தான் ஒழுங்காக வரும் என்று பொலிஸ் ஆணையாளரிடம் சொன்னேன். சம்மதித்தார். மொழிபெயர்ப்பாளர் மைதிலி இதை வரிக்கு வரி மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எதையும் மென்மையாக்க வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் இருப்பது நாலு மாடிக் கட்டடம். நானும் மனைவி மகாதேவியும் இரண்டாம் மாடி. ஆஸ்பத்திரி வேலையோடு அந்தக் கட்டடத்தின் ஹவுஸ்மைஸ்டர் வேலையையும் பகுதிநேரமாகப் பார்க்கிறேன். படி கூட்டுவது, குப்பை வாளிகளை வெளியே வைப்பது, நிலவறைத் திறப்பையும் ஒவ்வொரு வீட்டின் மாற்றுத் திறப்பையும் வைத்திருப்பது. வாசலில் ஒட்டியிருக்கும் வீட்டு விதிகளை அந்தக் கட்டடத்தில் முழுதாக வாசித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அதில் நாலாவது விதி, மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை ஓய்வு நேரம், சத்தம் போடக்கூடாது என்கிறது. ஜேர்மனியில் எனக்குப் பிடித்த விஷயம் எது என்று யாரும் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

2006இல் எங்கள் தலைக்கு மேல் மூன்றாம் மாடிக்கு யோசப் வந்தார். யாழ்ப்பாணம் குருநகர்க்காரர். ஊரில் கூடைப்பந்து விளையாடிப் பேரெடுத்தவராம். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் ஆதிரை ஸ்ருட்கார்ட்டில் இருக்கிறாள். அவருக்கு இடுப்பெலும்பு மாற்றியிருந்தார்கள், இருதயத்திலும் ஏதோ குறை. தடி ஊன்றித்தான் நடப்பார். என்னைவிட நாலு வயது மூத்தவர், ஆனாலும் பஸ் ஓட்டுகிறவன்வரை எல்லோரையும் அவர் அண்ணை என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அந்தப் பழக்கம் முதல் நாளே பிடிக்கவில்லை.

மகள் அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு கேபிள் சனல் எடுத்துக் கொடுத்தாள். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துக்கென்றே இருக்கும் சனல். இருபத்துநாலு மணித்தியாலமும் அதுதான். அங்கே இரவில் நடக்கும் ஆட்டம் இங்கே விடியப்புறம் வரும். டாக்டர் இவரை நித்திரை முழிக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் மறு ஒளிபரப்பைத்தான் பார்ப்பார். அது மத்தியானம் ஒரு மணிக்கு.

பார்க்கிறவர் சும்மா பார்க்க மாட்டார். பந்து கூடைக்குள் விழுந்தால் ஒரு கூச்சல், தடியால் தரையில் மூன்று தட்டு. விழாவிட்டால் அமெரிக்காவில் நிற்கிற நடுவருக்குக் குருநகர்த் தமிழில் ஏச்சு. ஓர் ஆட்டத்தில் எத்தனை தரம் பந்து கூடைக்குள் விழும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. எண்பது, தொண்ணூறு தரம் விழும்.

நான் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தார்.

"விமலண்ணை, உள்ள வாங்கோவன். தனிய இருந்து பாக்கிறது விசராக் கிடக்கு. தேத்தண்ணி போட்டுத் தாறன்."

"எனக்கு ஏலாது. நித்திரை கொள்ள வேணும்."

"நித்திரை பிறகும் கொள்ளலாம் அண்ணை. இந்த ஆட்டத்தைப் பிறகு பாக்கேலாது."

மறு ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொன்னார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டு நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதினேன். அவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். லேர்ம்புரோட்டோகோல் என்று அதற்குப் பெயர், சத்தக் குறிப்பேடு. எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, என்ன வகையான சத்தம் என்று கட்டம் கட்டமாக நிரப்பி, ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி அனுப்ப வேண்டும். இங்கே ஆத்திரப்பட்டுக் கத்துகிறவனுக்கு மதிப்பில்லை, எழுதி வைக்கிறவனுக்குத்தான் மதிப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் மணிக்கூட்டையும் பேனையையும் வைத்துக்கொண்டு பதினாலு மாதம் எழுதினேன். ஒரு மாதமும் பிந்தவில்லை. கடைசியில் ஒரு பதில் வந்தது. அயலவரோடு அன்பாகக் கதைத்துப் பார்க்கும்படி எழுதியிருந்தார்கள். நான் குறிப்பேடு எழுதுவதை நிறுத்தவில்லை.

மகாதேவி அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"பாவமப்பா அந்த மனிசன். கதைக்க ஒரு சீவனில்லை. உங்களுக்கு ஆரும் சந்தோசமா இருந்தா வயிறெரியும்."

அவள் கிழமைக்கு இரண்டு தரம் அவருக்கு மீன்குழம்பு கொண்டு போவாள். நான் சாப்பிடும்போது குழம்பில் மீன் துண்டு குறைந்திருக்கும். அவளும் மேலேயிருந்து சிரித்துக்கொண்டுதான் இறங்கி வருவாள். அந்தச் சிரிப்பை வீட்டுக்குள் வரும்போது வாசலிலேயே கழற்றிவிடுவாள். அதையும் எழுத ஒரு கட்டம் இருந்திருந்தால் எழுதியிருப்பேன். ஆமாம், எனக்கு யோசப்பைப் பிடிக்காது. மறைக்க ஒன்றுமில்லை.

2008 மார்ச் மாதம் கேபிள் கம்பனிக்காரன் ஒருவன் வந்தான். இனிமேல் தொலைக்காட்சி, இன்ரநெற், ரெலிபோன் மூன்றும் ஒரே கேபிளில் வரும், மலிவு என்று மகள் ஏற்பாடு செய்திருந்தாள். யோசப்பின் ஜேர்மன் 'குட்டன் மோர்கன்' என்ற காலை வணக்கத்தோடு முடிந்துவிடும், ஆகவே என்னைக் கூப்பிட்டார். நிலவறைப் பெட்டியில் அவருடைய கேபிளுக்குப் பெயர் எழுதி ஒட்டினான் அந்தப் பொடியன். பிறகு மேலே வந்து எல்லாம் விளங்கப்படுத்தினான். நான் தமிழில் சொன்னேன்.

யோசப்பின் கழுத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் தொங்கும். விழுந்தாலோ நெஞ்சு நொந்தாலோ அதை அமத்த வேண்டும். ரெலிபோன் வழியாக உதவி நிலையத்துக்கு மணி போகும், ஆட்கள் வருவார்கள். கேபிள்காரன் அதைக் கண்டுவிட்டுச் சொன்னான், இந்தக் கேபிள் நின்றால் ரெலிபோனும் நிற்கும், அந்தப் பொத்தானும் வேலை செய்யாது, ஆகவே பழைய ரெலிபோன் லைனை வெட்டாமல் வைத்திருங்கள் என்று.

"என்னவாம் அண்ணை?" என்று யோசப் கேட்டார்.

"எல்லாம் ஒழுங்காம்" என்றேன்.

அப்போது என் மனத்தில் எந்தத் திட்டமும் இருக்கவில்லை. மணி ஒன்றாகப் போகிறதே என்றுதான் நினைத்தேன். மைதிலி இந்த வாக்கியத்தைக் கவனமாக மாற்ற வேண்டும்.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் நிலவறையில் குப்பை ஒதுக்கும்போது அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பெயர் எழுதியிருந்தது. விரலால் திருகினால் கேபிள் கழன்று வந்துவிடும். ஒரு மணிக்குக் கழற்றினேன். வீட்டுக்கு ஏறி வந்து படுத்தேன். மேலே ஒரு சத்தமில்லை. மூன்று மணிக்குப் போய்த் திரும்பத் திருகிப் பூட்டினேன். ஓய்வு நேரம் மூன்று மணிக்கு முடிகிறது, அதற்குமேல் அவர் கத்தலாம். அவருடைய உரிமையில் ஒரு நிமிடத்தைக்கூட நான் எடுக்கவில்லை.

அதன்பிறகு கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் அப்படிச் செய்தேன். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. யோசப்தான் படியில் என்னை மறித்தார்.

"அண்ணை, இதென்ன விசர்க் கேபிள். ஒரு மணிக்குப் போகுது, மூண்டு மணிக்கு வருது. ஆட்டத்தை விடுவம், மகளுக்கு ரெலிபோன் எடுக்கவும் ஏலாமக் கிடக்கு. ஒருக்கா கம்பனியோட கதைச்சு விடுவியளே?"

"ஓம், கதைக்கிறன்" என்றேன்.

"உங்களைத்தான் அண்ணை நம்பியிருக்கிறன்."

நான் கதைக்கவில்லை.

மே மாதம் இருபத்தோராம் திகதி, புதன்கிழமை. மகாதேவி வேலைக்குப் போயிருந்தாள். கட்டடத்தில் மற்றவர்களும் அந்நேரம் வேலையில்தான் இருப்பார்கள். அமெரிக்காவில் இறுதிக்கட்டப் போட்டிகள் நடக்கிற காலம், அவர் மாதம் முழுக்க அதைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார். ஒரு மணிக்குக் கேபிளைக் கழற்றிவிட்டு வந்து படுத்தேன்.

ஒன்று இருபதுக்கு மேலே ஏதோ பெரிதாக விழுந்தது. மின்விளக்கு ஆடியது. ஐந்து நிமிடம் கழித்துத் தடியால் தட்டத் தொடங்கினார். நான் எழும்பி, பேனையை எடுத்து, நேரத்தை எழுதினேன். ஒரு வருடத்துக்கு மேலான பழக்கம், கை தானாகப் போகும்.

தட்டல் நிற்கவில்லை. தட்டுவார், விடுவார், திரும்பத் தட்டுவார். நேரம் போகப்போகத் தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி கூடியது. இரண்டு முப்பத்தைந்துக்குக் கடைசித் தட்டு. அதையும் எழுதினேன். பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்தேன். மூன்று மணிக்கு நிலவறைக்குப் போய்க் கேபிளைப் பூட்டினேன். நான் படியேறி வரும்போது மேலே தொலைக்காட்சி தானாகவே உயிர்பெற்று, ஆயிரக்கணக்கான சனம் ஆரவாரம் செய்துகொண்டிருந்தது. தடிச் சத்தம் வரவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் மகாதேவி குழம்பு கொண்டுபோனாள். கதவு திறக்காததால் என்னிடமிருந்த திறப்பை வாங்கிப் போனாள். அவள் போட்ட கூக்குரல் முதலாம் மாடிவரை கேட்டது. யோசப் வரவேற்பறையில் நிலத்தில் கிடந்தாராம், கை கழுத்துப் பொத்தானைப் பிடித்தபடி இருந்ததாம். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ரெலிபோன் வேலை செய்தது. விழுந்து, இருதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள். அடக்கத்துக்கு நானும் போனேன். ஆதிரை என் கையைப் பிடித்து, "அப்பா உங்களைப் பற்றித்தான் அங்கிள் எந்த நேரமும் சொல்லுவார்" என்று அழுதாள்.

அத்தோடு முடிந்திருக்கும். ஜூன் முதலாம் திகதி வழக்கம்போல் மே மாதத்துக் குறிப்பேட்டை நிர்வாகத்துக்கு அனுப்பினேன். ஆள் இறந்துவிட்டாலும் மாதம் மாதந்தானே. அரைகுறையாக விட எனக்கு மனம் வரவில்லை. அதைப் பிரித்த பெண் இருபத்தோராம் திகதி வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பொலிசுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். அவர்கள் கேபிள் கம்பனியிடம் கேட்டு ஒரு தாள் எடுத்திருக்கிறார்கள். யோசப்பின் இணைப்பு எந்தெந்த நாள் ஒன்றிலிருந்து மூன்றுவரை நின்றிருந்தது என்று அதில் இருக்கிறது. ஆணையாளர் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என் தாளில் கட்டம் வெறுமையாக இருந்த நாட்களும் இணைப்பு நின்ற நாட்களும் பொருந்தின, இருபத்தோராம் திகதித் தட்டல்களும் இணைப்பு நின்ற நேரத்துக்குள்ளேயே இருந்தன. என் எழுத்து சுத்தமானது என்று அவரே சொன்னார்.

தட்டல் சத்தத்தை ஆட்டம் பார்க்கிற சத்தம் என்று நினைத்ததாக முதல் நாள் சொன்னேன். கேபிளைக் கழற்றியவனுக்கு ஆட்டம் ஓடவில்லை என்று தெரியாதா என்று அவர் கேட்டார். தெரியும். பொத்தான் வேலை செய்யாது என்றும் தெரியும். திறப்பு என் தலைமாட்டில் ஆணியில் தொங்கியது. மேலே ஏற இருபது படி. இரண்டு மணிக்குள் யாராவது போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். இருக்கலாம்.

குறிப்பேட்டில் 'கூப்பிடுதல்' என்று ஒரு சொல் எழுதியிருக்கிறேனே, என்ன கூப்பிட்டார் என்று ஆணையாளர் மூன்று நாளாகக் கேட்கிறார். அதற்கும் பதில் எழுதி முடித்துவிடுகிறேன். "விமலண்ணை" என்றுதான் கூப்பிட்டார். முதலில் பலமாக, பிறகு மெதுவாக, ஒன்பது தரம். எனக்கு நன்றாக விளங்கியது. மூன்று மணிக்குப் பிறகு கூப்பிட்டிருந்தால் நான் கட்டாயம் போயிருப்பேன்.