பாண்டி இல்லாத கம்பெனி

“எங்க கம்பெனில பாண்டின்னு ஆளே கெடையாதுன்னுருச்சுடி!”

கப்பலூரில் ஏறிய பெண், பஸ்ஸின் இரைச்சலை மிஞ்சித் தோழியிடம் சொன்னாள்.

“மதுரையிலயா? எது சொல்லுச்சு?”

“நான் எழுதுன சாப்ட்வேர்தான். ஆளுக லிஸ்ட்டுல மேனேஜர் ‘பாண்டி’ன்னு தேடுனாரு, ஒரு வரிகூட வரல. சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணு, இல்லைன்னா நாளைக்கு வராதன்னுட்டாரு.”

“அய்யய்யோ!”

“பேரோட மொத எழுத்துலருந்தே ஒத்துப் பாக்குதுடி. நம்மாளுக பேருக்கு முன்னாடி இனிஷியல் நிக்கிதுல்ல! பேருக்குள்ள எங்கிட்டு இருந்தாலும் பிடின்னு மாத்துனேன். மத்த வரியெல்லாம் மறைஞ்சு, பதினேழு பாண்டியும் வரிசையா நின்னானுக!”

“மேனேஜர் என்னன்னாரு?”

“அவரும் ஒரு பாண்டிதான்டி. தன் பேரை ரெண்டு தடவ பாத்துட்டு, வேலை பெர்மனெண்ட்டுன்னாரு!”

கோச்சடையில் பஸ் நிற்கும் முன்பே அந்தப் பெண் சந்தோஷத்தில் குதித்து இறங்கிவிட்டாள்.