தோற்றதற்கு ஒரு தேங்காய்

"என் பய சைக்கிள் ரேஸ்ல தோத்துட்டான்ணே. அதான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போறேன்."

மாட்டுத்தாவணியிலிருந்து நாகமலை புதுக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் இதைச் சொன்னார். மடியில் மஞ்சள் பை. அடுத்தவர் பேச்சைக் கேட்பது தப்புதான். இதைக் கேட்காமல் எப்படி இருப்பது? கூட வந்தவர் அவரைவிட மூத்தவர். வெடுக்கென்று திரும்பினார்.

"தோத்ததுக்கா? உனக்கென்னப்பா கிறுக்கா?"

"அந்தக் கொலம்பியாக்காரன் சைக்கிள்ல மலை ஏறுனத டிவில பாத்தோம்ல? வெள்ளைக்காரன் அம்புட்டுப் பேரையும் பின்னால விட்டுட்டு ஏறுனான். என் மகன் அவன் படத்தச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கான்."

"ஆமா. ஏழை வீட்டுப் பயன்னு பேப்பர்ல போட்டிருந்தானே."

"அதே பேப்பர்லதான், ஊக்க மருந்து ஊசி போட்டு ஏறுனானோன்னு சந்தேகப்படுறதா வந்துச்சு."

"ஏழப் பய ஜெயிச்சா அப்பிடித்தாம்ப்பா சொல்லுவாய்ங்க."

"நானும் அதத்தாண்ணே சொன்னேன். ஆனா அழகர்கோயில் ரோட்டு ரேஸ்ல என் மகன் மொத ஆளா வந்தப்ப எனக்குக் கை தட்ட வரல. அவங்க கோச்சு பயலுகளுக்குச் சத்து ஊசின்னு என்னமோ போடுறாராம்."

"மகன்கிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். நான் போட்டுக்கிறதில்லப்பாங்குறான்."

"அப்புறமென்ன?"

அவர் மஞ்சள் பைக்குள் கையை விட்டுத் தேங்காயைச் சரியாக வைத்தார்.

"நேத்து ரேஸ்ல கடைசி ஆளா வந்தான். வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்து அழுதான்ணே. அவன் ஊசி போடலன்னு அப்பத்தான் நம்புனேன்."