அரைக்கட்டை மேலே

— மாட்டேன்னா மாட்டேன், ரூஃபஸ். கிளீவ்லாண்டிலேர்ந்து மூணு மணி நேரம் காரோட்டிட்டு வந்து, கோட்டைக் கழட்டறதுக்கு முன்னாடியே நாலு தடவை கேட்டுட்ட. அஞ்சாவது தடவை கேட்டேன்னா இந்தக் கீரைத்தண்டாலேயே ஒண்ணு வெப்பேன்.

— நாப்பது வருஷத்துல உன் வாய் மட்டும் குறையல, ஓப்பல்.

— வாய் பேசறதுக்கு இருக்கு. பாடறதுக்கு இல்ல. டெட்ராய்ட்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு. ஓப்பலுக்கு சுருதி நிக்காதுன்னு எழுபத்திநாலுலேயே தெருத்தெருவா பேசினாங்க. எங்க சர்ச்சுல பாட்டுக் குழுவுக்கு ஆள் பத்தலேன்னா பக்கத்துத் தெருவுலேர்ந்து கூட்டிட்டு வருவாங்களே தவிர, என்னைக் கேக்க மாட்டாங்க.

— ஒரே ஒரு பாட்டு. திங்கட்கிழமை சாயங்காலம். அரை மணி நேர வேலை. என்ன சொல்ல வர்றேன்னா...

— நீ அப்படி ஆரம்பிச்சாலே சொல்ல வேண்டியதை விட்டுட்டு ஊர்க்கதை பேசுவ. பியானோ பக்கத்துல நிக்காம இப்படி வந்து உக்காரு. கை சும்மா இருந்தா இந்தக் கீரையில பாதியை எடுத்து ஆய். நாளைக்கு மதியம் பிள்ளையும் மருமகளும் ஃபிளின்ட்லேர்ந்து வர்றாங்க.

— உனக்குப் பிள்ளை இருக்கான்னே நேத்து போன்லதான் தெரியும். உன் வீட்டுக்காரர் ஹாலிஸ் தவறிப் போயி எத்தனை வருஷம்?

— ஆறு. நல்ல மனுஷன். தபால் ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து மேஜை. பாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. ரேடியோவுல பேஸ்பால் மட்டும்தான் கேப்பாரு. அதுதான் எனக்கு அவர்கிட்ட முதல்ல பிடிச்சுது. தண்டை உருவிட்டு இலையை மட்டும் போடு, பெரிய மனுஷா. அப்படியே போட்டா மெல்ல முடியாது.

— பன்னெண்டு பாட்டு, ஓப்பல். எல்லாம் நம்ம வாலிபத்துல ரேடியோவுல வந்த பாட்டு. பியானோ மட்டும், ஜாஸ்ல. ஹோட்டல்ல ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வர்றவங்களுக்கு வாசிச்சு வாசிச்சு, இப்ப ஒரு சின்னப் பையன் அதை இசைத்தட்டாப் போடறேன்னு நிக்கறான். பதினொண்ணு முடிச்சாச்சு.

— அந்தப் பாட்டையெல்லாம் நீ சோப்பு விளம்பரம்னு சொல்லுவியே.

— சொன்னேன். இப்ப அதுதான் சோறு போடுது. பன்னெண்டாவது என்னன்னு கேளேன்.

— கேக்க மாட்டேன். தெரியும்.

— ஜன்னல் பாட்டு.

— தெரியும்னு சொன்னேன்ல.

— நாலு நாள் உக்காந்து பார்த்தேன். விரல் போக மாட்டேங்குது. மத்ததெல்லாம் பழகின வேலை. மெட்டை மேலே அப்படியே விட்டுட்டு அடியில இருக்கற தரையை மாத்திப் போடறது. மூணே மூணு கார்டு, மூணே சுரக்கொத்து, வெச்சு எழுதின பாட்டுக்கு அடியில முப்பது வெக்கறது. ஆனா இந்தப் பாட்டை அப்படி மாத்தி வாசிச்சது உனக்காக. நீ மேலே பாடினாத்தான் அது நிக்கும். நீ இல்லாம வாசிச்சா, வீட்டுல ஆள் இல்லாதப்ப விருந்து வெச்ச மாதிரி இருக்கு.

— மெட்டு சிரிக்கும், உன் இடது கை அழும். கிளப்புல சனிக்கிழமை கூட்டம் அதுக்குத்தான் வரும். அது கெடக்கட்டும். சுருதி போன கிழவி உனக்கு எதுக்கு? கிளீவ்லாண்ட்ல பாடற பொண்ணுங்களுக்கா பஞ்சம்?

— உனக்கு சுருதி போகல.

— நீ டாக்டரா?

— போகல, ஓப்பல். எனக்குத் தெரியும். ஏன் தெரியும்னா... கொஞ்சம் தண்ணி குடு.

— குழாய் உன் பின்னாடிதான் இருக்கு.

— எழுபத்திநாலுல, அந்தச் சனிக்கிழமை சாயங்காலம். நியூயார்க்லேர்ந்து ஒருத்தன் வந்தானே, இசைத்தட்டு கம்பெனிக்காரன், சாம்பல் தொப்பி.

— அந்த ஆளை மறப்பேனா? முன் வரிசை, இடது ஓரம். நோட்டுப் புத்தகத்தைத் தொடை மேல வெச்சிருந்தாரு.

— நம்ம வழக்கம் ஞாபகம் இருக்கா? நாலு சுத்து நான் தனியா வாசிப்பேன். நாலாவது முடியற இடத்துல என் சுண்டுவிரல் மேலே போயி ஒரு சுரத்தைத் தொடும். அதுதான் உன் சுரம். அதைப் பிடிச்சுக்கிட்டு நீ உள்ள வருவ. நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்ட. அவ்வளவு நம்பிக்கை.

— ம்.

— அன்னிக்கு மேடையேறறதுக்கு முன்னாடி நான் கழிப்பறையில இருந்தேன். வெளிய கை கழுவற இடத்துல அந்த ஆளு கிளப் முதலாளிகிட்ட பேசிட்டிருந்தான். பொண்ணு மட்டும் போதும், பியானோவுக்கு எங்ககிட்டயே ஆறு பேர் இருக்காங்கன்னான். அந்த முதலாளியும் சிரிச்சான். ஒரு வார்த்தை எனக்காகப் பேசல. ரெண்டு பேரும் போற வரைக்கும் நான் கதவைத் திறக்கல.

— ம்.

— நம்ம கட்டையில நான் ஆரம்பிக்கல, ஓப்பல். அரைக்கட்டை மேலே ஆரம்பிச்சேன். வேணும்னேதான். அதுக்கடியில குறுக்கும் நெடுக்குமா கார்டைப் போட்டுக் கலக்கி விட்டேன், எது வீடு எது வாசல்னு யாருக்கும் தெரியாத மாதிரி. சுண்டுவிரல் காட்டினது உன் சுரமே இல்ல. நீ வாயைத் திறந்த. மூடிட்ட. மறுபடியும் நாலு சுத்து. மறுபடியும் அதே பொய். மூணாவது தடவை வந்தப்ப அந்த ஆளு தொப்பியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான். பின்னாடி மேஜையில யாரோ சிரிச்சாங்க. நீ மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்ன. ஏதாவது சொல்லு.

— கீரை ஆய்ஞ்சிட்டிருக்கேன்.

— திட்டு. அந்தத் தண்டால அடி. உன் பாட்டைக் கெடுத்தது நான். உன் காதைப் பத்தி ஊரு பேசினப்ப வாயை மூடிட்டு இருந்ததும் நான். நீ முப்பது வருஷம் கடுதாசி பிரிச்சது என்னாலதான். மறுநாள் காலையிலேயே சொல்லியிருக்கணும். உங்க தெரு முனை வரைக்கும் வந்தேன். உங்கம்மா வாசல்ல பனி வாரிப் போட்டுட்டிருந்தாங்க. அவங்க முகத்தைப் பார்த்ததும் கால் திரும்பிடுச்சு. நேரா பஸ் நிலையம். முதல்ல நின்ன பஸ்ஸு கிளீவ்லாண்ட் போச்சு, அதுல ஏறிட்டேன். சின்னம்மா வீட்டுலேர்ந்து உனக்கு எத்தனை கடுதாசி எழுதினேன் தெரியுமா? ஒண்ணைக்கூட போடல.

— உங்கண்ணனை அனுப்பி உன் துணிமணியை எடுத்துட்டுப் போனியே. அவன்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கலாம்.

— என்னன்னு சொல்லி விடறது?

— அதுவும் சரிதான்.

— அதுக்கப்புறம் எந்தப் பாட்டுக்காரிக்கும் நான் வாசிக்கல. ஒருத்திக்கும். கூப்பிட்டா கை வலின்னு சொல்லிடுவேன். தனியாவே வாசிச்சேன். ஜாஸ் தெரிஞ்சவன் பக்கத்துல உக்காந்தா, இவனுக்கு ஏன் இந்தத் தனிமைன்னு கேப்பானோன்னு பயம். அதான் சாப்பிட வர்றவன் முன்னாடி வாசிச்சே காலத்தைத் தள்ளினேன். இதைச் சொல்லாம உன்னைத் திங்கட்கிழமை கூப்பிடறது தப்பு. சொல்லிட்டேன். இனி நீ வராட்டாலும் பரவாயில்ல. உன் காதுல குறை இல்லைன்னு உனக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

— கையைத் துடைச்சுக்கோ.

— எதுக்கு?

— கீரை ஈரத்தோட பியானோவைத் தொடாதே. போயி உக்காரு. வாசி.

— இப்பவா? எதை?

— ஜன்னல் பாட்டை. முன்னாடி வர்ற நாலு சுத்து.

— உன் கட்டையில வாசிக்கறேன். கொஞ்சம் இறக்கட்டுமா? வயசாச்சு...

— என் கட்டை வேண்டாம். அன்னிக்கு வாசிச்ச மாதிரியே வாசி. அரைக்கட்டை மேலே. கலக்கி விட்டேன்னியே, அதையும் சேர்த்து.

— ஓப்பல், பழிவாங்கறதா இருந்தா வேற வழியே இல்லையா?

— பழி வாங்கற வயசெல்லாம் போயாச்சு. வாசி.

— ... பியானோ ஒழுங்காத்தான் இருக்கு. சரி. ஒண்ணு. ... ரெண்டு. ... இங்கதான் அந்தத் திருட்டுக் கார்டு. மூணு. ... நாலு. இதோ சுண்டுவிரல். இது உன்னுது இல்ல...

— "ஜன்னல் விளக்கை அணைக்கல கண்ணே, உன் வழி தெரியணும்னு..." ஏன் வாசிக்கறதை நிறுத்திட்ட?

— நான் அரைக்கட்டை மேலே இருக்கேன். நீ இறங்கி உன் இடத்துல நிக்கற. எழுபத்திநாலுல இருந்த அதே இடம். ஒரு மயிரிழை பிசகல.

— அது எங்க போகும்? அது உன் சுண்டுவிரல்லயா இருந்துது? அடுப்புல கெட்டில் கூவினா அது எந்தச் சுரம்னு எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரன் காரைக் கிளப்பினா தெரியும். ஹாலிஸ் தூக்கத்துல குறட்டை விட்டாக்கூடத் தெரியும், பாவம்.

— அப்ப திங்கட்கிழமை வா. கெஞ்சிக் கேக்கறேன். இந்தக் குரலை வெச்சுக்கிட்டு நீ...

— திங்கட்கிழமை வரல. இப்ப பாடினது உனக்கு. அதோட சரி. ஜன்னல் பாட்டை நீயே தனியா வாசி. இப்ப விரல் போகும்.

— எனக்குப் புரியல. முதல் தடவையே உனக்கு உன் சுரம் தெரிஞ்சிருக்கு. ரெண்டாவது தடவையும், மூணாவது தடவையும். நான் என்ன கலக்கினாலும் நீ பாடியிருக்கலாம். பாடியிருந்தா நியூயார்க். அப்புறம் ஏன் நின்ன?

— அந்த ஆளு அன்னிக்கு மதியமே எனக்கு போன் பண்ணிட்டாரு.

— என்னன்னு?

— பியானோக்காரனை விட்டுட்டு வரணும்னு. யோசிச்சு சொல்றேன்னேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் மேடையேறினேன். அதுக்கு முன்னாடியே மாசக்கணக்கா, நீ மனசைத் திறந்து ஏதாவது சொல்லுவியான்னு பார்த்துட்டிருந்தேன், ரூஃபஸ். நீ உன் கார்டைப் பத்தியும் உன் விரலைப் பத்தியும் பேசுவியே தவிர, என்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. அன்னிக்கு முதல் விரல் வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு, அரைக்கட்டை மேலேன்னு.

— தெரிஞ்சும்...

— மூணு தடவை, போகாதேன்னு நீ வாசிச்ச. சரி, போகலன்னு மூணு தடவையும் நான் வாயை மூடினேன். மறுநாள் ஊரை விட்டுப் போனது நீ.