கால் டாக்டர்

ஸ்கேன் ஜெல் எப்போதும் சில்லென்று இருக்கும். நான் அதை நேராக நோயாளியின் தொடையில் பிழிவதில்லை. உள்ளங்கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, குளிர் போன பிறகுதான் தடவுவேன். மயக்கத்தில் கிடப்பவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று சிஸ்டர்கள் கேலி செய்வார்கள். தெரியுமோ தெரியாதோ, தொடுகிற கை பதமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் முரட்டுத்தனமாக நடந்துகொண்டதாகப் புகாரில் எழுதியிருக்கிறது என்றீர்கள். அந்தச் சொல் மட்டும் சரியில்லை. மற்றதெல்லாம் ஏறக்குறைய சரிதான்.

நீங்கள் மருத்துவர் இல்லை, போலீஸ்காரர் என்பதால் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரோடு படுத்திருப்பவர்கள் காலை அசைப்பதில்லை. அசையாத காலில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி பிடி விட்டுக் கிளம்பினால் இதயம் வழியாகப் போய் நுரையீரலை அடைக்கும். அதனால் ஒவ்வொரு படுக்கையாகப் போய், ஸ்கேன் கருவியால் தொடையிலிருந்து முழங்கால் வரை மெல்ல அழுத்திப் பார்ப்பேன். நல்ல ரத்தக்குழாய் அழுத்தினால் தட்டையாகிவிடும். கட்டி இருந்தால் ஆகாது. பரிசோதனை அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும். சில கட்டிகளுக்கு ஒரு முனைதான் குழாயில் ஒட்டியிருக்கும், மறுமுனை ரத்தத்தில் ஆடிக்கொண்டிருக்கும். அதைத் திரையில் பார்த்தால் கையை எடுத்துவிட வேண்டும். மறுபடி அழுத்தக் கூடாது. உடனே சிகிச்சை மருத்துவரிடம் சொன்னால், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தை முழு அளவுக்கு ஏற்றிவிடுவார். பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். புதிதாக வரும் மருத்துவர்களுக்கு நான் சொல்லித் தரும் முதல் பாடமே, கையை எடு என்பதுதான்.

நாள் முழுக்கக் கால்களையே பார்ப்பதால் பிரிவில் என்னைக் கால் டாக்டர் என்பார்கள். அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து என்னை விடவில்லை. "கால் டாக்டர் ஆயிட்ட, சரி. முக்கால் டாக்டர் எப்ப ஆகப்போற?" என்பார். பார்க்கும்போதெல்லாம் இதே கேள்விதான். நான் சிரிப்பேன், அவரும் பதிலை எதிர்பார்த்ததில்லை.

சிலருக்குக் கால் இரண்டும் சுத்தமாக இருக்கும், ஆனால் நுரையீரல் அடைத்திருக்கும். அந்தக் கட்டி எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை, புண்ணாகி வீங்கிய நுரையீரலிலேயே உருவானது என்பது என் கருத்து. அப்படியானால் நாம் காலைக் காவல் காப்பது வீண், மருந்தையே வேறு மாதிரி யோசிக்க வேண்டும். இன்றைக்கும் இது உண்மை என்றே நம்புகிறேன். எங்கள் தலைமை மருத்துவர் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் எல்லோரோடும் படுக்கை படுக்கையாக வரும்போது என்னைப் பார்த்தால், "உங்க முயலுக்கு இன்னும் மூணே கால்தானா டாக்டர்?" என்பார். கூட வருபவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வலிக்கத்தான் செய்தது, ஆனால் அதற்காக எதையும் செய்யவில்லை. இதை நிரூபிக்க நான் தொடங்கிய ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்தவரும் அவர்தான். காலில் கட்டியைக் கண்டால் உடனே சொல்லிவிட வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தலையாட்டினேன்.

முதலில் ஒரு லாரி ஓட்டுநர். வலது முழங்காலுக்குப் பின்னால் கட்டி தெரிந்தது. சொல்வதற்காகத்தான் எழுந்தேன். தலைமை மருத்துவர் கூட்டத்தோடு அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தார். இப்போது போய்ச் சொன்னால் முயல் கதை ஆரம்பமாகும், சாப்பிட்டுவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டுத் திரும்புவதற்குள் ஓட்டுநருக்கு மூச்சு அடைத்துவிட்டது. மறுபடி காலைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. நான் முதலில் பார்த்திருக்காவிட்டால், கால் சுத்தம், நுரையீரலில் அடைப்பு என்று இவரையும் என் பக்கத்துச் சாட்சியாகத்தான் சேர்த்திருப்பேன். சேர்த்துக்கொண்டேன். நான் அவரை எதுவும் செய்யவில்லை, சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்று அழுதார்.

நீங்கள் கேட்டது என் அத்தானைப் பற்றி மட்டும். ஓட்டுநரைப் பற்றிக் கேட்கவில்லை, அவருக்கு அடுத்து வந்த தையல்காரம்மாவைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த அம்மாவுக்குத் தொடையில் ஆடுகிற கட்டி. பார்த்தேன், சொல்லவில்லை, காத்திருந்தேன். காத்திருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சில கட்டிகள் தானாகக் கரைந்துவிடும், சில அசையாமல் கிடக்கும். ஆராய்ச்சியை அதிர்ஷ்டத்தின் கையில் விடமுடியாது. அதனால் ஒருநாள், எடுக்க வேண்டிய கையை எடுக்காமல் வைத்திருந்தேன். கொஞ்சம் அழுத்தமாக. எப்படியும் நடக்கப்போவதுதான், கொஞ்சம் முன்னால் நடந்தது. அந்த அம்மாவுக்குப் பிறகும் சிலர் உண்டு. யார் யார் என்று தனியாகச் சொல்கிறேன், அவசரமில்லை.

அத்தான் நீச்சல் பயிற்சியாளர். நுரையீரல் விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, குளத்தின் அடியில் உட்கார்ந்து எங்களையெல்லாம் பயமுறுத்துவார். எனக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். என் வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து மிதக்க வைப்பார். எப்போது கையை எடுப்பார் என்று சொல்லமாட்டார். திரும்பிப் பார்த்தால் தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருப்பார். அப்படித்தான் நீந்தக் கற்றுக்கொண்டேன். எங்கள் அப்பா போன பிறகு வீட்டில் எனக்கென்று இருந்த ஆண்துணை அவர்தான்.

அவருக்கு நிமோனியா வந்து எங்கள் பிரிவிலேயே சேர்த்தோம். வென்டிலேட்டர் வைத்தார்கள். அக்கா காத்திருப்போர் கூடத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இனிமேல் பயம் காலில்தான் என்று தலைமை மருத்துவர் அவளிடம் சொல்லியிருந்தார். அதனால் நான் வெளியே வரும்போதெல்லாம் கால் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பாள். "நீதான் பாக்கறியாமே தம்பி. அப்ப எனக்குப் பயமில்ல" என்றாள் ஒருநாள். அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அப்போதுதான் கடைசியாக எனக்கு ஏதோ தோன்றியது என்று நினைக்கிறேன்.

அத்தான் நன்றாகத்தான் தேறினார். அன்று சாயங்காலம் வென்டிலேட்டர் குழாயை எடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். காலையில் நான் போனபோது கண் விழித்திருந்தார். வாயில் குழாய், பேச முடியாது. ஜெல்லைக் கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். அவர் படுக்கையிலிருந்து கையைக் கொஞ்சம் தூக்கி மூன்று விரலைக் காட்டினார். சிஸ்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. முக்கால் ஆகிவிட்டாயா என்று கேட்கிறார். நான் வழக்கம்போலச் சிரித்தேன்.

இடது தொடையில் கருவியை வைத்ததும் தெரிந்துவிட்டது. நீளமான கட்டி, ஒரு முனை ஒட்டியிருக்கிறது, மறுமுனை ஆடுகிறது.

சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன், யோசிக்காமல் செய்யவில்லை. சொந்தக்காரர் என்பதற்காக அத்தானைப் பற்றி மட்டும் சொன்னால், ஓட்டுநரின் மனைவி முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? தையல்காரம்மாவின் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், என் அக்காவுக்கு ஒரு நியாயமா? ஆளுக்கு ஆள் விதியை மாற்றினால் அது ஆராய்ச்சி இல்லை. என் வாழ்க்கையில் நான் யாருக்கும் ஓரவஞ்சனை செய்ததில்லை.

அழுத்தினேன். முதல் தடவை அது அசைந்துகொடுத்துவிட்டு அங்கேயே நின்றது. மறுபடி அழுத்தினேன். பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்த சிஸ்டர், "சார், போதும் சார்" என்றார். சின்னக் குரலில்தான் சொன்னார். புகார் கொடுத்தது அவர்தான் என்று தெரியும், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் தடவை அழுத்தும்போது திரையில் அது இல்லை. ரத்தக்குழாய் தட்டையாகிவிட்டது. அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெதுவெதுப்பான துணியால் ஜெல்லைத் துடைத்து, போர்வையை இழுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

அக்கா எழுந்து நின்றாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள், சொன்னேன். அப்பாடா என்று உட்கார்ந்து, நீ காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டாய் என்று எனக்கு ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தாள். பாதி உரிப்பதற்குள் உள்ளே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். வேறு படுக்கையாக இருக்கும் என்றேன்.

அத்தானின் நுரையீரல் இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. கால் சுத்தம். சாயங்காலம் தலைமை மருத்துவர் என் தோளில் கை போட்டுக்கொண்டார். பிறகு, "நீங்க சொன்னதுதான் சரி போலருக்கு. உங்க முயலுக்கு மூணு கால்தான்" என்றார். இத்தனை நாளாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கால் மரத்துப்போனால் அதன்மேல் யார் கை வைத்தாலும் நம் கால் போலவே இருக்காது. அப்படி இருந்தது.

ஓட்டுநரின் கட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருந்தது நான். தையல்காரம்மாவை, அவருக்குப் பிறகு வந்தவர்களை, என் அத்தானை, தெரிந்தே அழுத்திக் கொன்றது நான். இதில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். தண்டனையைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஒரு உதவி மட்டும். அக்கா என்னைப் பார்க்க மறுக்கிறாள். என்மேல் வேறு எந்தக் கோபம் வேண்டுமானாலும் இருக்கட்டும், தம்பி தன்னிடம் பொய் சொல்லிவிட்டான் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. நீங்கள் பார்க்கும்போது எடுத்துச் சொல்லுங்கள். கால் சுத்தமாக இருக்கிறது என்று நான் சொன்னபோது, அது சுத்தமாகத்தான் இருந்தது.